சிலம்பை ஏன் உடைக்க வேண்டியிருந்தது?

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடித்துக்கொள்கிறோம். பாண்டியன் செய்த தவறு என்ன? தன் கணவன் கள்வன் அல்லன் என்பதைக் கண்ணகி எப்படி மெய்ப்பித்தாள்? முதல் கேள்விக்கு மாணவர்கள் "தீர விசாரிக்காமல் தண்டனை கொடுத்தான்" என்று எழுதுவார்கள். இரண்டாவதற்கு "சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது". இரண்டும் சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் உள்ள ஒன்றை நாம் தொடாமலே போகிறோம் என்று நினைக்கிறேன். பாண்டியனிடம் சான்று இல்லாமல் இல்லை. சிலம்பு கோவலன் கையில்தான் இருந்தது. அது அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. தொழில் தெரிந்த தட்டான் ஒருவன் அதை நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஆளும் வெளியூர்க்காரன். நம் கருத்தறிதல் தாளில் "கோவலன் கள்வன் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருக" என்று ஒரு வினா வந்தால், பாண்டியன் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான்.

அந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. சான்று காட்டிய ஒருவன் எப்படித் தவறினான்?

"ஊகித்து எழுதுக" என்று வினாத்தாளில் பார்த்ததும் நம்ம பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம், மனசில் பட்டதை எழுதுகிறவர்கள். பேச்சு வழக்கில் ஊகம் என்றால் குத்துமதிப்பு என்பதுதானே பொருள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னொரு பக்கம், பத்தியில் உள்ள ஒரு வரியை அப்படியே பெயர்த்து வைப்பவர்கள். இரு சாராருக்கும் நாம் கொடுக்கும் மருந்து ஒன்றுதான்: வரியைக் காட்டு, சான்று காட்டு. அதனால்தான் 'உய்த்துணர்தல்' என்ற சொல்லை நான் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்துகிறேன். உய்த்தல் என்றால் செலுத்துதல். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் கடைசியாக நிற்பது உய்த்துணர வைப்பு. எழுதியவர் சொல்லாமல் விட்டதை, சொன்னவற்றின் வழியே அறிவைச் செலுத்தி வாசகர் கண்டுகொள்ளும்படி வைப்பது அது. செலுத்துவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி இரண்டாகப் பிரிகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

வகுப்புக்காக நான் எழுதிய சிறு பத்தி இது. "மாறன் வீட்டுக்குள் நுழைந்தான். சட்டை நனைந்திருந்தது. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் தேர்வுத்தாள் ஒன்று இரண்டாக மடிந்து கிடந்தது." கேள்வி: மாறன் ஏன் பதில் சொல்லவில்லை? உயர்நிலை மூன்று மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் "மதிப்பெண் குறைவு, அதற்குச் சான்று மடிந்த தேர்வுத்தாள்" என்று எழுதிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான். "டீச்சர், அவன் நேரா ரூமுக்குப் போயிட்டான்னா, பேப்பர் மேசைக்கு எப்படி வந்துச்சு?" அந்த ஓட்டையை நான் வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். தாள் அவன் வருவதற்கு முன்பே அங்கே கிடந்தது. அது தங்கையுடையதாக இருக்கலாம். நேற்றையதாகவும் இருக்கலாம். நனைந்த சட்டையை மாற்றத்தான் அவன் உள்ளே போயிருக்கலாம். மற்றவர்கள் காட்டிய வரி பத்தியில் உண்மையாகவே இருக்கிறது. அது அவர்கள் முடிவுக்கு மட்டும் உரிய சான்றாக இல்லை, அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு காப்பியத்துக்குத் திரும்பலாம். வழக்குரை காதைக்கு நேரே போகாமல் கானல்வரியிலிருந்து தொடங்கினால் நல்லது. ஏனென்றால் கோவலனைக் கொன்றது போன்ற ஒரு முடிவை, அதற்கு முன்பே கோவலன் தானும் எடுத்திருக்கிறான்.

புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அந்தப் பாட்டைக் கேட்ட மாதவி, இவன் மனம் வேறு எங்கோ போய்விட்டது என்று எண்ணுகிறாள். ஊடலோடு தானும் யாழை வாங்கி, தன் மனத்திலும் வேறொருவர் இருப்பதுபோலப் பாடுகிறாள். அதைக் கேட்ட கோவலன், இவள் நெஞ்சில் வேறொருவன் இருக்கிறான் என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான். இருவர் கையிலும் இருந்த சான்று ஒரு பாட்டு மட்டும். கானல்வரிப் பாடல்களில் காதலன், காதலி, பிரிவு எல்லாம் வருவது இயல்பு. பாடுகிறவர் தம் வாழ்க்கையைத்தான் பாடுகிறார் என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்? காதல் பாட்டு பாடுகிறவர்கள் எல்லாரும் காதலிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் நம் பள்ளிப் பாட்டுப்போட்டி என்ன ஆவது!

பிறகு மாதவியின் மடல் வருகிறது. முதல் மடலை வேனிற்காதையில் கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். அதாவது, தன் முடிவுக்கு எதிரான சான்று கைக்கு வந்தபோது அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் மடலைக் கோசிகன் மதுரைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து கொடுக்கிறான். இது புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறது. அதைப் படித்த பிறகுதான் தவறு மாதவியுடையது அல்ல, தன்னுடையது என்று கோவலன் உணர்கிறான். நம் வகுப்பில் இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எனக்கு இது காப்பியத்தின் மிக நுட்பமான இடங்களில் ஒன்று. பழைய முடிவைப் புதிய சான்றை வைத்து மாற்றிக்கொள்ள ஒருவனுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது, அவனும் மாற்றிக்கொள்கிறான். அவனைப் பற்றிய முடிவை மாற்றிக்கொள்ள மதுரையில் யாரும் அவனுக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை.

கொலைக்களக் காதையை வரிசையாகப் பார்ப்போம். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியிருந்த பொற்கொல்லன், கோவலன் கொண்டுவந்த சிலம்பைக் கண்டதும் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனிக்கிறான். தன் களவு வெளிப்படுவதற்கு முன் பழியை இந்தப் புதியவன் மேல் போட்டுவிடலாம் என்று தீர்மானித்து அரண்மனைக்குப் போகிறான். அங்கே அரசி ஊடிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிப் போய்விட்டாள். அவளைத் தேடி அரசன் அந்தப்புரம் போய்க்கொண்டிருக்கிறான். வாசலிலேயே பொற்கொல்லன் காலில் விழுந்து, களவு போன சிலம்போடு கள்வன் தன் குடிசைப் பக்கம் இருக்கிறான் என்கிறான். அரசன் காவலரைக் கூப்பிட்டு, என் மனைவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்கிறான்.

மாணவர்களை இங்கே நிறுத்துங்கள். அரசன் சொன்னதில் 'இருக்குமானால்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அவன் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஆணையிடவில்லை. கொல்வதற்காகக் கொண்டுவா என்று சொல்ல நினைத்து, வாய் தவறிக் கொன்று கொண்டுவா என்று சொல்லிவிட்டான் என்று உரை மரபில் ஒரு விளக்கமும் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நிபந்தனை போட்டவன் அதைச் சோதிக்கும் பொறுப்பை யாரிடம் விட்டான் என்பதுதான் என் கேள்வி. காவலர்களுக்கு அரசியின் சிலம்பு எது என்று எப்படித் தெரியும்? சிலம்பின் வேலைப்பாட்டை அவர்களுக்கு எடுத்துக்காட்டுகிறவன் பொற்கொல்லனேதான். குற்றம் சாட்டியவனே நிபுணர் சாட்சியாகவும் ஆகிவிட்டான். வழக்கில் சாட்சி ஒன்றுதான், அது இரண்டு வேடத்தில் வந்து நிற்கிறது. அரசன் இரண்டு சாட்சி இருப்பதாக நினைத்துக்கொண்டான்.

அப்புறம் வரும் பகுதி இன்னும் சுவையானது. கோவலனைப் பார்த்த காவலர்களுக்கு மனம் ஒப்பவில்லை. இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லத் தகுந்தவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். மாணவர்கள் இங்கே காவலர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், "பாருங்க டீச்சர், அவங்களுக்காவது புத்தி இருக்கு" என்று. ஆனால் காவலர் முடிவு சரியாக இருந்தாலும் அவர்கள் காட்டிய காரணம் பலவீனமானது. முகத்தைப் பார்த்துக் கள்வனா இல்லையா என்று சொல்ல முடியுமா? முடிவு சரியாகிப் போவதும் உய்த்துணர்ந்த வழி சரியாக இருப்பதும் வேறு வேறு. விடைத்தாளில் இதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். விடை பொருந்துகிறது என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

பொற்கொல்லன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணை உண்டு என்று விரிவாகப் பேசி, கதையும் சொல்கிறான். இந்தப் பேச்சின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கள்வன் மாதிரி இருந்தால் அவன் கள்வன். கள்வன் மாதிரி இல்லையென்றால், தேர்ந்த கள்வன். இதற்குப் பிறகு கோவலன் எப்படி இருந்தாலும் அவன் தப்ப வழியில்லை. எது நடந்தாலும் ஒரே முடிவைத் தரும் வாதத்துக்குச் சான்றே தேவைப்படுவதில்லை. சான்று இருப்பதுபோல அது வேடம் போடும். வாட்ஸ்அப்பில் வரும் பல செய்திகளின் எலும்புக்கூடு இதேதான் என்று சொன்னால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். காவலர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்த இடத்திலும் கானல்வரிப் பிரிவிலும் இளங்கோவடிகள் ஊழ்வினையைக் கொண்டுவருகிறார். தேர்வில் "கோவலன் ஏன் இறந்தான்?" என்றால் "ஊழ்வினை" என்று ஒரே சொல்லில் முடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காப்பியத்தின் நோக்கங்களில் ஒன்று அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊழ்வினை மட்டும் போதும் என்று அடிகள் நினைத்திருந்தால், அரசியின் தலைவலியையும் வாசலில் நடந்த பேச்சையும் காவலரின் தயக்கத்தையும் எட்டுத் துணையையும் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்க வேண்டாமே. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நின்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தப் படிகளை எல்லாம் காட்டிவிட்டுத்தான் ஊழ் என்கிறார்.

இப்போது வழக்குரை காதை. கண்ணகி அவைக்கு வரும்போது அவள் கையில் இன்னொரு சிலம்பு இருக்கிறது. கோவலன் விற்கக் கொண்டுபோனதன் இணை. நான் வகுப்பில் கேட்பது இதுதான்: அந்த இணையைத் தூக்கிக் காட்டி, இதோ பாருங்கள், இரண்டும் ஒரு ஜோடி என்று சொல்லியிருக்கலாமே. ஏன் சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது? முதலில் வரும் பதில் "கோபத்துல" என்பதாக இருக்கும். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அரசியின் சிலம்பும் பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. வெளித்தோற்ற ஒற்றுமைதான் இந்த வழக்கையே கெடுத்தது. அதே ஒற்றுமையைக் காட்டி வழக்கை வெல்ல முடியாது. கண்ணகியின் கையிலிருந்த சிலம்பு அவளுக்கு உண்மையான சான்று. ஆனால் அவையில் இருந்தவர்களுக்கு அது இரண்டு முடிவுக்கும் ஒத்துப்போகிற சான்று.

அதனால் அவள் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் அதை நல்ல பேச்சு என்று ஒப்புக்கொண்டு, எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அதன் பிறகுதான் கோவலனிடம் எடுத்த சிலம்பு கொண்டுவரப்பட்டு உடைக்கப்படுகிறது. இந்த வரிசையை மாணவர்கள் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைப்பதற்கு முன்பே இரு தரப்பும் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. உடைத்த பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது. இரண்டு சிலம்பிலும் முத்தே இருந்திருந்தால் உடைத்தும் பயனில்லை. முடிவுகள் இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே கை வைத்தாள் கண்ணகி. மாணிக்கம் அரசன் முகத்தில் தெறிக்கிறது.

இந்த நேர்மைக்காகப் பாண்டியனையும் கொஞ்சம் பாராட்ட வேண்டும். முத்து என்று சொல்லாமல் மழுப்பியிருக்கலாம், அரசனிடம் யார் கேட்கப் போகிறார்கள்? அவன் சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டான். தோற்றதும், பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று சொல்லி விழுந்து மாய்கிறான். அந்த நொடியிலும் அவன் பேச்சு அளவோடு இருக்கிறது. சிலம்பு உடைந்ததால் தெரிந்தது ஒன்று: இது அரசியின் சிலம்பு அல்ல. அரசியின் சிலம்பைத் திருடியது யார் என்பதை அந்த மாணிக்கம் சொல்லவில்லை. அரசனும் பொற்கொல்லனைத் திருடன் என்று சொல்லவில்லை, அவன் பேச்சைக் கேட்டேன் என்றுதான் சொல்கிறான். பொற்கொல்லன் திருடியது நமக்குத் தெரியும், ஏனென்றால் அடிகள் நம்மிடம் சொல்லிவிட்டார். வாசகருக்குத் தெரிந்ததையும் பாத்திரத்துக்குத் தெரிந்ததையும் கலந்து எழுதும் விடைகளைத் திருத்தும்போது இந்த இடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இந்தத் தவறுகளுக்குப் பெயர் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். இரட்டைக் காப்பியத்தின் இன்னொரு பாதியான மணிமேகலையில் இருக்கிறது. அங்கே இதற்கு 'அளவை' என்று பெயர். படி, மரக்கால் மாதிரி, அறிவை அளக்கும் கருவி. 27ஆம் காதையில் வைதிகவாதி, காட்சிக்கு அடுத்துக் கருதலைச் சொல்லி அதை மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை உண்டு என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளம் கண்டு மேற்கே எங்கோ மழை பெய்திருக்கிறது என்பதுபோல விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது இன்னொன்று. கருமேகம் கண்டு மழை வரும் என்று காரணத்திலிருந்து விளைவுக்குப் போவது மூன்றாவது. சிங்கப்பூரில் மூன்றாவது அடிக்கடி பொய்த்துப்போகும், அதையும் மாணவர்களோடு பேசலாம்.

29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தவறான காரணங்களை, அதாவது ஏதுப்போலிகளைச் சொல்லித் தருகிறார். அதில் ஒன்று, தெரிவது புகையா பனியா என்ற ஐயம் தீராமலே அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது. பாண்டியன் செய்தது அப்படியே இதுதான். கையில் இருப்பது அரசியின் சிலம்பா என்பதே ஐயம், அது தீர்வதற்குள் களவு என்று துணிந்துவிட்டான். இன்னொன்று, காட்டும் காரணம் நம் முடிவுக்கும் அதற்கு எதிரான முடிவுக்கும் பொதுவாக இருப்பது. மடிந்த தேர்வுத்தாளும் கோவலன் கேட்ட பாட்டும் இந்த இனம். பெயர்கள் வடமொழியில் கடினமாக இருக்கும், மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். பழைய தமிழ்க் காப்பியம் ஒன்று இதை ஒரு இளம்பெண்ணுக்குப் பாடமாக வைத்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு என் யோசனை சிறியது. "சான்று காட்டு" என்ற வழக்கமான கட்டளையோடு இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: இதே வரி வேறு எந்த விடைக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றால், இரண்டில் ஒன்றை விலக்கும் வரி பத்தியில் எங்கே இருக்கிறது? விடைக்குறிப்பில் ஒரே ஒரு மனநிலையை எழுதி வைத்துக்கொண்டு திருத்தும்போது, பத்தி இன்னொரு விடைக்கும் உண்மையிலேயே இடம் கொடுக்கிறதா என்று நாமும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலை கூடும்தான். தேர்வு எழுதப் போகும் மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. "இதிலிருந்து அவன் கள்வன் என்று தெரிகிறது" என்பதற்கும் "இதிலிருந்து சிலம்பு அவனிடம் இருந்தது என்று தெரிகிறது" என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சான்று எதுவரை போகிறதோ அதுவரை மட்டும் எழுதுங்கள். பத்தியின் இன்னொரு வரி உதவினால் அடுத்த அடியை வையுங்கள்.

இலக்கியம் எடுக்கும் வகுப்பில் நான் கடைசியாக வைக்கும் பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலான மாணவர்களுக்கு அது தெரியாது. பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகச் சொல்லி ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று காப்பியம் சொல்கிறது. உரைபெறு கட்டுரையிலும் நீர்ப்படைக் காதையிலும் அது வருகிறது. சென்ற முறை இதைப் படித்துக் காட்டியதும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அந்த ஆயிரம் பேர்ல எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால பாத்திருப்பாங்க?" அதையே அந்த வாரக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டேன்.